பகைவன் மாண்ட செய்தியும் உடன்பாட்டு வினையும்

இம்சை மூன்று வாயில்களால் நிகழும் என்பதை நம் பாடசாலைச் சிறுவரும் தடையின்றி ஒப்பிப்பர். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்பன அவை. வடமொழி நூல்கள் இவற்றைக் கிருதம், காரிதம், அனுமோதனம் என வழங்கும். இவற்றுள் முன்னிரண்டும் விளங்குதற்கு எளியன. வாளெடுத்தவன் கையும், அவனை ஏவியவன் வாயும் கண்ணுக்குப் புலனாகின்றன. மூன்றாவது அத்தகையதன்று. எங்கோ எவரோ செய்த ஒரு செயலை, வீட்டில் அமர்ந்தவாறே, 'நன்று செய்தான்' என்று உள்ளம் ஏற்றுக்கொள்வது அது. அதற்குக் கருவி வேண்டுவதில்லை, துணை வேண்டுவதில்லை, கண்டு சொல்லச் சான்றினரும் இல்லை. ஆதலின் இல்லறத்தாராகிய நாம் அதனைப் பாடமாக ஓதுவதோடு நின்றுவிடுகிறோம்.

இப்பாடத்தை வெறும் பாகுபாடாகக் கற்பதினும், உலக மக்களுள் பெரும்பகுதியினர் ஒரே நாளில் இம்மூன்றாம் வாயிலில் வந்து நின்ற நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும் எனக் கருதுகிறோம். 2011ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் பாகிஸ்தானத்து அபோட்டாபாத் நகரில் ஒசாமா பின் லாடன் கொல்லப்பட்டதும், அச்செய்தியைக் கேட்டோர் அதனை ஏற்ற விதங்களுமே ஈண்டு ஆய்வுக்குரியன.

நிகழ்ந்தவை

அல் கொய்தா என்னும் பயங்கரவாத இயக்கத்தின் தலைவன் பின் லாடன். 1998 ஆகஸ்ட் 7ஆம் நாள் கென்யாவின் நைரோபியிலும் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும் இருந்த அமெரிக்கத் தூதரகங்களின் முன் அவ்வியக்கத்தார் வெடிக்கச் செய்த குண்டுகளால் 224 பேர் மாண்டனர். அவருள் மிகப் பலர் ஆப்பிரிக்க மக்கள். அமெரிக்காவின் அரசியலோடு எத்தொடர்பும் இல்லாதவர். நைரோபியில் முதலில் எழுந்த சிறு வெடியோசை யாதெனக் காண அலுவலகச் சன்னல்களை நோக்கி ஓடியவர்மீது, அடுத்து வெடித்த பெருங்குண்டால் சிதறிய கண்ணாடித் துண்டுகள் பாய்ந்தன, பலர் பார்வையிழந்தனர். நம் சமயத்தவரான ஓஸ்வால் வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நகரம் அது என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க.

2001 செப்டம்பர் 11ஆம் நாள் அவ்வியக்கத்தார் 19 பேர் நான்கு பயணிகள் விமானங்களைக் கைப்பற்றினர். இரண்டு, நியூயார்க் உலக வணிக மையத்தின் இரு கோபுரங்கள்மீது மோதின. ஒன்று பென்டகன் என்னும் இராணுவத் தலைமையகத்தின்மீது மோதியது. நான்காவது பென்சில்வேனியாவின் வயல்வெளியில் வீழ்ந்தது. மாண்டோர் ஏறத்தாழ 3,000 பேர்.

இத்தனைக்கும் காரணமானவன், பாகிஸ்தான் இராணுவப் பயிற்சிக் கழகத்திற்கு அண்மையில், உயர்ந்த மதில் சூழ்ந்த வீடொன்றில் குடும்பத்தோடு மறைந்து வாழ்ந்துவந்தான். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினர் ஹெலிகாப்டர்களில் அங்கு வந்திறங்கினர். ஒரு ஹெலிகாப்டர் வளாகத்திலேயே விழுந்து பழுதுற்றது. ஏறத்தாழ நாற்பது மணித்துளிகளில் யாவும் முடிந்தன. பின் லாடன், அவன் மகன் ஒருவன், தூது செல்வோன், அவன் உடன்பிறந்தான், அவ்வுடன்பிறந்தானின் மனைவி என ஐவர் அவ்வீட்டில் மாண்டனர். பின் லாடனின் உடல் கார்ல் வின்சன் என்னும் போர்க்கப்பலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இசுலாமிய முறைப்படி சடங்குகள் செய்யப்பட்டபின் அரபிக் கடலில் இடப்பட்டது. அவன் படைக்கலம் ஏந்திப் பொருதான் என்றும், மனைவியைக் கேடயமாக நிறுத்தினான் என்றும் முதல் நாள் வெளியான தகவல்களை அமெரிக்க அரசே மறுநாள் திருத்தியது. அவன் கையில் படைக்கலம் இருந்திலது என்பது அத்திருத்தத்தின் சாரம்.

கேட்டோர் நிலை

அமெரிக்கத் தலைநகரில் அப்போது மே 1ஆம் நாள் இரவு. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் அதிபர் ஒபாமா தொலைக்காட்சியில் தோன்றி, நீதி நிறைவேறியது என அறிவித்தார். அறிவிப்பு முடியுமுன்னரே வெள்ளை மாளிகையின் முன் கூட்டம் கூடிவிட்டது. கொடியசைத்தனர், தம் நாட்டின் பெயரை முழங்கினர், பாடினர். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலும், கோபுரங்கள் நின்ற இடத்திலும் அவ்வாறே. பிலடெல்பியாவில் பேஸ்பால் ஆட்டம் கண்டுகொண்டிருந்தோர் கைப்பேசியில் செய்தியறிந்து அரங்கமதிர முழங்கினர். களத்தில் நின்ற ஆட்டக்காரர்கள் முதலில் காரணம் தெரியாது விழித்தனர். கூடியவருள் மிகப் பலர் கல்லூரி மாணவர். கோபுரங்கள் வீழ்ந்தபோது அவர்கள் பத்து வயதுச் சிறுவர். அச்சத்தின் நிழலிலேயே வளர்ந்த தலைமுறை அது என்பதை மறந்து அவர்களைத் தூற்றுதல் தகாது.

மறுநாளே மாறுபட்ட குரல்களும் எழுந்தன. வாத்திகனின் செய்தித் தொடர்பாளர் பெடரிகோ லொம்பார்டி, மனிதன் ஒருவனின் சாவைக் கண்டு கிறித்தவன் மகிழ்வதில்லை. இறைவன் முன் தன் பொறுப்பை எண்ணிப் பார்க்கிறான் என்னும் கருத்துப்பட அறிக்கை வெளியிட்டார். படைக்கலம் இல்லாதவனைக் கொன்றது தம் உள்ளத்தில் நெருடலை உண்டாக்குவதாகக் கான்டர்பரிப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் கூறினார். தலாய் லாமா அப்போது லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்தார். மன்னித்தல் என்பது மறத்தல் அன்று என்றும், தீங்கு கொடியதாயின் எதிர் நடவடிக்கை வேண்டியிருக்கும் என்றும் அவர் கூறியதைப் பற்றிக்கொண்டு, அவர் கொலையை ஏற்றார் என்று சில இதழ்கள் எழுதின. சொல்லப்பட்டதற்கும் எழுதப்பட்டதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. யூத சமய அறிஞர் சிலர் தம் பாஸ்கா விருந்தின் வழக்கம் ஒன்றை நினைவூட்டினர். எகிப்தியர்மீது வந்த பத்துத் துன்பங்களைச் சொல்லும்போது, ஒவ்வொன்றிற்கும் ஒரு துளி திராட்சை மதுவைக் கிண்ணத்திலிருந்து நீக்குவர். தம்மை அடிமைப்படுத்திய பகைவரே ஆயினும் அவர் மாண்டதை எண்ணித் தம் உவகையைக் குறைத்துக்கொள்வது என அதற்குப் பொருள் கூறுவர்.

அந்நாள்களில் இணையத்தில் ஒரு வாசகம் பரவியது. பகைவனே ஆயினும் ஒருவனின் சாவில் மகிழேன் என்னும் பொருளுடைய அதனை மார்ட்டின் லூதர் கிங் கூறியதாக இலட்சக்கணக்கானோர் பகிர்ந்துகொண்டனர். அஃது ஓர் இளம்பெண் தன் கருத்தாக எழுதியது. அதனையடுத்து அவர் எடுத்துக்காட்டிய கிங்கின் உண்மையான சொற்களோடு எவரோ ஒட்டிவிட்டனர் என்பது சில நாள்களில் தெரியவந்தது. கருத்து நன்று, உரியவர் வேறு. மகிழ மாட்டேன் என்று தம் பெயரால் சொல்ல நாணிய பலர் பெரியவர் ஒருவரின் பெயரைத் துணைக்கழைத்தனர் போலும்.

இவையனைத்தினும் நம் பாடத்திற்கு நெருங்கியது ஜெர்மனியில் நிகழ்ந்தது. அந்நாட்டின் பிரதமராயிருந்த ஏங்கலா மெர்க்கல், பின் லாடனைக் கொல்ல முடிந்ததில் மகிழ்கிறேன் எனச் செய்தியாளரிடம் கூறினார். அவர் கட்சியினருள்ளேயே சிலர் அச்சொல்லைக் கண்டித்தனர். ஹாம்பர்க் நகர நீதிபதி ஒருவர் அவர்மீது குற்ற முறையீடே செய்துவிட்டார். ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 140ஆம் பிரிவு, கொலை முதலிய கொடுங்குற்றங்களைப் பொது அமைதி குலையும் வகையில் வெளிப்படையாகப் பாராட்டி ஏற்பதையும் குற்றமாக வகுத்துள்ளது. அப்பிரிவைக் காட்டியே அவர் முறையிட்டார். படைவீரரின் செயல் குற்றமா என்பது வேறு வழக்கு. ஆயினும், ஏற்று மகிழும் சொல்லும் ஒரு செயலே என்னும் எண்ணம் நாட்டுச் சட்டமொன்றில் இடம்பெற்றிருப்பது, அனுமோதனத்தை ஓதிவரும் நமக்கு வியப்பைத் தருகிறது. சட்டம் வாய்ச்சொல்லளவில் நிற்கும். நம் நூல்கள் மனத்தினுள்ளும் புகும். வேற்றுமை அவ்வளவே.

இரு வினாக்கள்

அன்று எழுந்த வாதங்களில் பெருங்குழப்பம் விளைந்ததற்குக் காரணம், வேறுவேறான இரு வினாக்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டமையே. அவனைக் கொன்றது தகுமா என்பது ஒன்று. அதனைக் கேட்டு மகிழ்தல் தகுமா என்பது மற்றொன்று. முன்னதற்குத் தகும் என்று விடை கிடைத்துவிட்டால் பின்னதற்கும் அதுவே விடை எனக் கூத்தாடியோர் கருதினர். பின்னது தகாது எனக் கண்டோர் சிலர், ஆதலால் முன்னதும் தகாது என்றனர். இரண்டும் பொருந்தா.

முதல் வினாவை நம் மரபைக்கொண்டு ஆராய்வோம். இல்லறத்தானுக்கு இம்சை நான்காகப் பகுக்கப்படுகிறது. கருதிச் செய்யும் சங்கல்ப இம்சை, சமையல் முதலிய வீட்டுப் பணிகளில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்யோக இம்சை, தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் காக்கும்பொருட்டு எதிர்த்து நிற்கையில் நேரும் விரோதி இம்சை என்பன அவை. முதலாவதை இல்லறத்தான் அறவே விடக்கடவன். ஏனைய மூன்றையும் முற்றத் துறத்தல் அவனுக்கு இயலாது. இயன்றவரை குறைத்தல் வேண்டும். அரசனும் படைவீரனும் நான்காவதன் எல்லைக்குள் நிற்பவர். சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரரின் திருவுருவை அமைத்த சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவராகப் பல போர்களில் பொருதவர் என்பதை யாவரும் அறிவர்.

கி.பி. 959இல் யசஸ்திலக சம்புவை இயற்றிய சோமதேவ சூரி, போரில் படைக்கலத்தோடு எதிர்ப்பட்டவன்மீதும் நாட்டுக்கு முள்ளாக இருப்பவன்மீதும் மட்டுமே அரசர் படைக்கலம் எறிவர். எளியோர்மீதும் நல்லெண்ணமுடையார்மீதும் எறியார் என்று வரையறுக்கிறார். இவ்வளவோடு நின்றால் அபோட்டாபாத் நிகழ்ச்சிக்கு இடமுண்டு எனத் தோன்றும். பின் லாடனைவிடக் கூரிய முள் எது?

ஆனால், அவருக்கு அண்மைக் காலத்தவராகக் கருதப்படும் அமிர்தசந்திர ஆசாரியர், புருஷார்த்த சித்தியுபாயத்தில் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறார். கொடிய உயிர் ஒன்றைக் கொல்வதால் பல உயிர்கள் காக்கப்படும் எனக் கருதி அதனைக் கொல்லலாகாது என்கிறார். உயிரோடிருப்பின் மேன்மேலும் பாவம் ஈட்டுமே என்று இரங்கியும் கொல்லலாகாது என்று அடுத்து மொழிகிறார். 2011இல் தொலைக்காட்சிகளில் ஒலித்த 'ஒருவன் சாவால் பல்லாயிரவர் பிழைப்பர்' என்னும் வாதத்தை ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு மறுத்தவர் அவர்.

இருவரும் முரண்பட்டாரோ எனின், எம் கருத்தில் இல்லை. சோமதேவர் படையேந்தி நிற்கும் அரசனின் கடமைக்கு எல்லை வகுக்கிறார். அமிர்தசந்திரர் கொல்லுதற்குக் காரணம் தேடும் உள்ளத்தை மறிக்கிறார். முன்னவர் எதிர்த்தலைப் பேச, பின்னவர் கணக்கிட்டுக் கொல்லுதலைப் பேசுகிறார். ஆகவே அபோட்டாபாத்தில் நிகழ்ந்தது விரோதி இம்சையா, சங்கல்ப இம்சையா என்பதே உசாவத்தக்கது. அவன் சரணடைந்தால் ஏற்றிருப்போம் என்றும், நாட்டின் தற்காப்புக்காகச் சட்டப்படி செய்த செயல் இது என்றும் அமெரிக்க அரசு கூறியது. கையில் படைக்கலம் இல்லாதவனைச் சிறைபிடித்து வழக்காடு மன்றத்தில் நிறுத்தியிருக்கலாகாதா என்று மறுதரப்பார் வினவினர். அடால்ப் ஐக்மனை இசுரேல் நாடு 1961இல் எருசலேமில் விசாரித்ததை அவர்கள் எடுத்துக்காட்டினர். இருண்ட வீட்டின் மாடிப்படியில் அவ்விநாடியில் வீரரின் உள்ளத்தில் இருந்தது காக்கும் எண்ணமா, பழிவாங்கும் எண்ணமா என்பதே வினையின் தரத்தைத் துணியும். அஃது அவரவர் வினைக்கணக்கு. அதனை நாம் எழுத முற்படுதல் வீண்.

மூன்றாம் வாயில்

நமக்குரிய கணக்கு இரண்டாம் வினாவில் உள்ளது. பல்லாயிரம் கல் தொலைவில் இருந்து செய்தி கேட்டவன், எதிர்த்து நின்றானும் அல்லன், ஏவினானும் அல்லன். அவனுக்கு விரோதி இம்சை என்னும் விலக்குப் பொருந்தாது. வீரனுக்குத் தன் உயிரும் தோழர் உயிரும் காக்கவேண்டிய நெருக்கடி இருந்தது எனலாம். தொலைக்காட்சியின் முன் இருந்தவனுக்கு என்ன நெருக்கடி?

தந்துல மீனின் கதையை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். சுயம்புரமண சமுத்திரத்தில் வாழும் மகா மச்சம் வாயைத் திறந்தபடி உறங்குகிறது. எண்ணற்ற சிறு மீன்கள் அதன் வாயினுள் புகுவதும் மீள்வதுமாக இருக்கின்றன. அதன் காதினுள் அரிசியளவு உடலுடன் குடியிருக்கும் தந்துல மீன் அதனைக் கண்டு, 'என்ன மூடன் இவன்! இவ்வுடல் எனக்கு வாய்த்திருப்பின் ஒன்றையும் தப்பவிடேன்' என்று கறுவுகிறது. அஃது ஒரு மீனையும் தின்றதில்லை, தின்னவும் இயலாது. ஆயினும் மகா மச்சம் செல்லும் ஏழாம் நரகத்திற்கே அதுவும் செல்கிறது. இக்கதையைச் சிறுவருக்குரியதென ஒதுக்கியவர், பிறர் கொல்வதைக் கண்கொட்டாது காட்டும் கருவி ஒவ்வோர் இல்லத்திலும் அமைந்துவிட்ட இந்நாளில் அதனை மீண்டும் ஓதுதல் நலம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வினை வரும் வழிகளை எண்ணும்போது, எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்றையும், மனம், மொழி, மெய் என்னும் மூன்றையும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும், சினம், செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்கையும் கூறுகிறார். பெருக்கின் 108 ஆகும். செபமாலையின் மணிகள் 108 ஆனதற்கு இதனையே காரணம் காட்டுவர். இவ்வெண்ணில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. உடன்படுதல் தனித்து நிற்பதன்று. எக்கஷாயத்தோடு உடன்பட்டோம் என்பது சேர்ந்தே கணக்காகிறது. சினத்தோடு உடன்படுதல் ஒன்று; 'எம் நாடு வென்றது' என்னும் செருக்கோடு உடன்படுதல் பிறிதொன்று. வெள்ளை மாளிகை முன் எழுந்த முழக்கத்தில் இறந்தவன்பால் சினத்தைவிடச் செருக்கே மிகுந்திருந்தது எனத் தோன்றுகிறது. முழங்கப்பட்டது அவன் பெயரன்று. தம் நாட்டின் பெயர்.

ஒருவன் செய்த இம்சையின் பயனைப் பலர் நுகர்தலும், பலர் செய்ததன் பயனை ஒருவன் நுகர்தலும் உண்டு என்று அமிர்தசந்திரர் விளக்குவதும் இவ்விடத்திற்கு ஏற்றது. அன்றிரவு சுட்டவர் சிலர். அவ்வினையில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டவர் கோடிக்கணக்கானோர். அதுவும் எதற்குப் பங்கு கேட்கிறோம் என்பதறியாமலே! அவ்வீட்டில் பெண்ணொருத்தியும் மாண்டாள் என்பது முழங்கியவருக்குத் தெரியாது. அவ்வீட்டாரின் இரத்த மாதிரியைப் பெறும் நோக்குடன், அமெரிக்க உளவுத் துறை மருத்துவர் ஒருவரைக்கொண்டு அந்நகரில் தடுப்பூசி முகாம் ஒன்றை நடத்தியிருந்தது; அஃது இரண்டு மாதங்களுக்குப் பின்னரே வெளிப்பட்டது. போலியோ சொட்டு மருந்து தருவோர்பால் பாகிஸ்தானில் முன்பே இருந்த ஐயம் அதனால் மிகுந்தது. 2012 டிசம்பர் முதல் அப்பணியாளர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இனித் தடுப்பூசிப் பணியை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று வெள்ளை மாளிகை 2014இல் உறுதி கூற நேர்ந்தது. மகிழ்ந்து உடன்பட்டவன் எழுதாத தாளில் கையொப்பமிட்டவன் போலாகிறான்.

இம்சையில் இன்புறும் நினைவுக்கு நம் நூல்கள் ஹிம்சானந்தம் என்று பெயரிட்டு, ரௌத்திர தியானத்தின் முதல் வகையாக வைத்துள்ளன. அஃது விரதமில்லாதவருக்கு மட்டுமன்று, அணுவிரதம் ஏற்ற இல்லறத்தாருக்கும் உண்டாகக்கூடும் என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். நோன்பிருப்பவரும் இரவுண்ணாதவரும் இதற்கு விலக்கல்லர்.

ஆறுதலும் உவகையும்

இங்ஙனம் கூறின், 'உள்ளத்தில் இயல்பாக எழும் நிறைவையும் பாவம் என்பீரோ?' என வினவலாம். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஜோனதன் ஹைட் என்னும் சமூக உளவியலறிஞர் நியூயார்க் டைம்ஸ் இதழில் அந்நாள்களில் எழுதிய கட்டுரையில், அக்கொண்டாட்டங்கள் வெறுப்பின் வெளிப்பாடல்ல. மக்கள் தம்மை மறந்து ஒன்றாகும் ஒற்றுமையுணர்ச்சியின் பெருக்கு என்று வாதிட்டார். அதில் உண்மையுண்டு. தனியே வீட்டிலிருந்து சிரித்தவரைவிடத் தெருவில் கூடிக் கைகோத்தவர் பண்பில் தாழ்ந்தவர் ஆகார். ஆயினும், ஒற்றுமைக்கு ஒருவன் பிணம் வாயிலாக அமைந்தது என்பதை அவ்விளக்கம் மறைத்துவிடுகிறது.

அச்சம் நீங்குதலால் வரும் ஆறுதல் வேறு. சாவைச் சுவைத்தலால் வரும் உவகை வேறு. காலில் தைத்த முள்ளைக் களைந்தவன் பெருமூச்சு விடுகிறான். முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவதில்லை. இனி அவன் தீங்கிழைக்க மாட்டான் என்பதே தம் மகிழ்ச்சிக்குக் காரணம் என மெர்க்கல் தரப்பில் பின்னர் விளக்கப்பட்டதும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே போலும். நம் மரபு உவகையை விலக்கவில்லை. அதற்கு இடம் வகுத்துள்ளது. எவ்வுயிரிடத்தும் நட்பு, குணமிக்காரிடத்து உவகை, துன்புற்றாரிடத்து இரக்கம், திருந்தாதாரிடத்து நடுநிலை எனப் பாவனைகள் நான்கு. பிரமோதம் எனப்படும் உவகையைச் செலுத்துமிடம் குணமிக்கார் மட்டுமே. திருத்த முடியாதவன்பால் நாம் கொள்ளவேண்டியது மாத்யஸ்தம். அவன் வாழ்ந்த காலத்திலும் அதுவே, மாண்ட பின்னும் அதுவே.

நடுநிலை என்றவுடன் கைகட்டிச் சும்மா இருத்தல் எனச் சிலர் கொள்வர். தீமையைத் தடுக்கும் கடமை உடையவன் தடுக்கத்தான் வேண்டும்; தடுக்கும்போது உள்ளம் வெறுப்பிலும் களிப்பிலும் சாயாதிருப்பதே நடுநிலை. ஒபாமாவின் செயல்களில் சில இவ்வகையில் பாராட்டத்தக்கன. இறந்தவனின் படத்தை வெளியிடுமாறு பலர் வற்புறுத்தியும் அவர் மறுத்துவிட்டார். வெற்றிச் சின்னமாக அதனைக் காட்டித் திரிவது தம் இயல்பன்று என்றார். மே 5ஆம் நாள் கோபுரங்கள் நின்ற இடத்திற்குச் சென்று மலர் வளையம் வைத்தார், அங்கு உரையாற்றவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்த 108 வகையையும் நால்வகைப் பாவனையையும் கொண்டுபோய், அன்று மகனையோ கணவனையோ இழந்த ஒருவரின் முன் நின்று ஓதுதல் கொடுமை. அவர் துன்புற்றார். நம் பாவனைகளுள் அவருக்குரியது இரக்கம். பத்தாண்டு அடக்கிய கண்ணீர் அன்றிரவு சிரிப்பாக வெளிப்பட்டிருந்தாலும், அதனை அளப்பதற்கு நமக்கு உரிமையில்லை. அவருள்ளும் யாவரும் ஒரே நிலையினர் அல்லர். செப்டம்பர் 11இல் உறவினரை இழந்தோர் சிலர் 2002ஆம் ஆண்டிலேயே 'பீஸ்ஃபுல் டுமாரோஸ்' என்னும் அமைப்பைத் தொடங்கி, தம் துயரின் பெயரால் போர் வேண்டா என்று வேண்டி வந்துள்ளனர். இழப்பே இல்லாத நாம் அவரினும் சினமுடையவராக இருத்தல் நகைப்பிற்குரியது.

தரணேந்திரன் செய்தது

வாமன முனிவரின் மேருமந்தர புராணத்தைப் பயின்றோர்க்கு இவையனைத்தும் புதியன அல்ல. சஞ்சயந்த முனிவர் தவத்திலிருக்கையில் வித்யுத்தந்தன் என்னும் விஞ்சையன் அவரைத் தூக்கிச் சென்று ஆற்றில் எறிந்து, மக்களையும் ஏவித் துன்புறுத்துகிறான். முனிவர் பொறுத்து நின்று வீடு பெறுகிறார். அவருடைய தம்பியாயிருந்து தரணேந்திரனாகப் பிறந்தவன் அங்கு வருகிறான்; தமையனுக்கு நேர்ந்ததைக் காண்கிறான். வித்யுத்தந்தனைச் சுற்றத்தோடு நாகபாசத்தால் கட்டிக் கடலில் எறிய முற்படுகிறான். அவன் சினத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. குற்றம் கண்கூடானது, இழந்தது உடன்பிறந்தாரை, வலிமையும் கையில் உள்ளது. அவ்வேளையில் ஆதித்தியாபன் என்னும் தேவன் தோன்றித் தடுக்கிறான். குற்றம் நிகழவில்லை என்று அவன் வாதிடவில்லை. இப்பகை எத்தனை பிறவிகளுக்கு முன்னர் ஓர் அமைச்சனின் பொய்யில் முளைத்து, மாறிமாறிப் பிறந்து வளர்ந்து வந்தது என்னும் வரலாற்றை விரித்துரைக்கிறான். அவ்வரலாறே காப்பியத்தின் பெரும்பகுதி. கொல்ல ஓங்கிய கை அவ்வளவு நேரமும் ஓங்கியபடியே நின்று கேட்கிறது என்பது எமக்கு எப்போதும் வியப்பளிக்கும் இடம்.

கேட்டு முடித்த தரணேந்திரன் பாசத்தை நெகிழ்க்கிறான். ஆனால் வெறுமனே விட்டுவிடவில்லை. தீங்குக்குக் கருவியாயிருந்த வித்தை வலிமையை அக்குலத்தாரிடமிருந்து களைகிறான். உயிர் எஞ்சியது, தீங்கு செய்யும் ஆற்றல் எஞ்சவில்லை. சிறைபிடித்தலுக்கும் கொல்லுதலுக்கும் இடையே 2011இல் நடந்த வழக்கில் நம் புராணம் எப்பக்கம் நிற்கிறது என்பதை இதனால் அறியலாம்.

பின்னர் மாண்டவர்

2019 அக்டோபரில் ஐ.எஸ். இயக்கத் தலைவன் அல் பாக்தாதி சிரியாவில் அமெரிக்கப் படையினரால் சூழப்பட்டுத் தன்னையே வெடித்துக்கொண்டு மாண்டான். உடனிருந்த குழந்தைகளும் மாண்டனர். அவன் நாயைப் போல் செத்தான் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். இது மொழியால் நிகழும் அனுமோதனம். செருக்கும் சினமும் சேர்ந்தது. சீவக சிந்தாமணியில் அடியுண்டு சாகக்கிடந்த நாயொன்றின் செவியில் சீவகன் ஐந்து பதங்களைக் கொண்ட மந்திரத்தை ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. நாயின் சாவை இழிவுக்கு உவமையாக்குவது நம் காப்பியம் அறியாத வழக்கு.

பின் லாடனுக்குப் பின் அல் கொய்தாவின் தலைமையேற்ற அய்மன் அல் சவாகிரி 2022 ஜூலை 31ஆம் நாள் காபூல் நகரில் வீட்டு மாடத்தில் நின்றிருந்தபோது ஆளில்லா விமானத்தின் ஏவுகணையால் கொல்லப்பட்டான். நைரோபிக் கொலைகளிலும் நியூயார்க் கொலைகளிலும் அவனுக்கும் பங்கிருந்தது. 2011இல் கண்டதுபோன்ற கூட்டம் எந்தச் சதுக்கத்திலும் கூடவில்லை. உலகம் பதினோர் ஆண்டுகளில் நடுநிலை பயின்றுவிட்டது என்று இதனைக் கொள்ளுதற்கில்லை. அவன் பெயரைப் பலர் மறந்துவிட்டனர். மறதியால் வந்த அமைதியை நம் நூல்கள் மாத்யஸ்தம் எனக் கூறுவதில்லை.